பெட்டியில் இரண்டு எண்களை அச்சிடுங்கள்: குட்டித் துப்பாக்கி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சட்டைப்பையில் அடங்கும் கைத்துப்பாக்கிகளைத் தயாரிப்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும் வணக்கம்.

நான் துப்பாக்கி சுடப் பழக்குகிறவன். உங்களிடம் வாங்கிய கையோடு பலர் வந்து நிற்பது என் முன்னால்தான். போன வாரம் ஓர் அம்மா வந்தார். வயது 60-ஐத் தாண்டிவிட்டது, விரல் மூட்டுகளில் வாதம், வீட்டில் தனியாக இருக்கிறார். முறைப்படி உரிமம் வாங்கியிருந்தார். உள்ளங்கையில் மறைந்துவிடும், .380 என்ற அளவுத் தோட்டா போடும் ஒரு கைத்துப்பாக்கியைக் கடைக்காரர் அவருக்கென்றே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்.

காலித் துப்பாக்கிதான். தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதற்காகப் பின்னுக்கு இழுக்கும் மேல்பாகம்தான் ஸ்லைடு. அதை இழுக்கச் சொன்னேன். இரண்டு விரலால் பிடித்தார், வழுக்கியது. சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார், அரை அங்குலம்கூட நகரவில்லை. முழுக் கையால் பற்றலாம் என்றால் பற்றுவதற்கு அங்கே இடம் ஏது? கை தானாகவே முன்னால் சறுக்கிக் குழல் வாயருகே போனது. நிறுத்தச் சொன்னேன். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, "சின்னதா இருக்கும்மா, உங்களுக்குச் சுலபமா இருக்கும்னுதானே சார் சொன்னாங்க" என்றார்.

சின்னது ஏன் கடினம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுடும்போது பின்னால் பாயும் ஸ்லைடு இலேசாக இருந்தால் அந்தக் குறையை ஸ்பிரிங்தான் ஈடுகட்ட வேண்டும், ஆகவே ஸ்பிரிங் விறைப்பாகும். துப்பாக்கியின் உடம்பு இலேசானால் சுடும்போது வரும் உதை முழுவதும் கைக்கே வரும். பையில் அடங்கும் ரிவால்வர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எடை அரைக் கிலோகூட இருக்காது, ஆனால் டிரிகரை அழுத்த 5 கிலோ வரை விசை கேட்கும். தன் எடையைப்போல் பத்து மடங்கு விசையைத் தாங்கும்போது அது ஆடாமல் நிற்குமா? இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்கு அத்துபடி. வாங்குகிறவருக்குத்தான் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன். ஸ்லைடை இழுக்க எத்தனை கிலோ விசை, டிரிகரை அழுத்த எத்தனை கிலோ விசை, இந்த இரண்டு எண்களையும் பெட்டியின் மேல் கண்ணில் படும்படி அச்சிடுங்கள்.

சின்னத் துப்பாக்கியே கூடாது என்பவன் அல்ல நான். பெரிதாக வாங்கியவர்கள் இடுப்பை உறுத்துகிறது என்று சில நாளிலேயே பீரோவில் பூட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சின்னது கூடவே வரும். கைக்கெட்டும் தூரத்தில், தப்ப வேறு வழியே இல்லாத நேரத்தில், பழகிய கைக்கு அது உதவும். பழகிய கைக்கு என்பதைத்தான் விளம்பரத்தில் விட்டுவிடுகிறீர்கள்.

விளம்பரம் என்றதும் பெண்களுக்கென்று காட்டும் அந்த ரோஜா நிறப் பிடிகள் நினைவுக்கு வருகின்றன. ரோஜா நிறம் பூசினால் ஸ்பிரிங் இளகிவிடுமா? கையேட்டில் பக்கம் பக்கமாக எச்சரிக்கைகள், எல்லாம் உங்களை வழக்கிலிருந்து காப்பாற்ற. வாங்குகிறவரின் விரலைப் பற்றி ஒரு வரி கிடையாது. சின்னதாகச் செய்யும் போட்டியும் பழையதுதான். 1914-இல் ஆஸ்திரியாவில் கோலிப்ரி என்று ஒரு குட்டித் துப்பாக்கி வந்தது. 2.7 மில்லிமீட்டர் தோட்டா, தோட்டாவைச் சுழலவிட்டு நேராகப் போகச் செய்யும் வரிப்பள்ளம்கூடக் குழலுக்குள் கிடையாது. அதைப் பார்த்த பிறகாவது இந்தப் போட்டி அலுத்திருக்க வேண்டாமா?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும்.

வழி இல்லாமலும் இல்லை. பெரெட்டா நிறுவனத்தின் சில குட்டி மாடல்களில் குழலின் பின்முனை மேலே எழும்பும். தோட்டாவை நேராகக் குழலுக்குள் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடை இழுக்கவே வேண்டாம். இது 1950-களிலேயே இருந்தது. 2018-இல் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம், ஸ்லைடு இலகுவாக நகரும் 'ஷீல்டு ஈஸி' மாடலைக் கொண்டுவந்தது. அதே .380 தோட்டாதான், ஆனால் துப்பாக்கி கொஞ்சம் பெரியது. அந்த அம்மாவின் கைக்கு வேண்டியது அதுதான். அலமாரியில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் அந்த எண்கள் இருந்திருந்தால், கடைக்காரர் சொல்லை அவர் நம்பியிருக்க மாட்டார். இப்போது கடை திரும்ப எடுக்க மறுக்கிறது. பெட்டியைப் பிரித்துவிட்டாராம்.

விற்பவர்களே, பணம் வாங்குவதற்கு முன் காலித் துப்பாக்கியை வாடிக்கையாளர் தன் கையால் நாலைந்து முறை இழுத்துப் பார்க்கட்டும். தயாரிப்பவர்களே, அடுத்த உற்பத்தியிலிருந்தாவது அந்த இரண்டு எண்களையும் பெட்டியில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசையை அளக்கும் கருவி உங்களிடம் இல்லையென்றால் சொல்லுங்கள், என்னுடையதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடப் பழக்கும் ஒருவன்