வலப்பக்கத்து வரிகள்

தஞ்சாவூர்,
10-8-2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ பேசி இன்றோடு 23 நாட்கள் ஆகின்றன. அம்மா நாட்காட்டியில் குறித்துக்கொண்டே வருகிறாள். உனக்கு வேலை மிகுதியாக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெரியப்பா வீட்டு விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது. வேளைக்குச் சாப்பிடு.

ஸ்டீவன் கோல்பேரின் பின்னிரவு நையாண்டி நிகழ்ச்சியை வருகிற மே மாதத்தோடு நிறுத்தப்போவதாக அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஜூலை 17 அன்று அறிவித்ததைப் படித்தேன். பணக் காரணம் என்கிறார்கள். ட்ரம்ப் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ளத் தாய் நிறுவனமான பாரமவுண்ட் 1.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதை, அந்த அறிவிப்புக்கு மூன்று நாள் முன்புதான் கோல்பேர் தம் மேடையிலேயே கொழுத்த லஞ்சம் என்று சொல்லியிருந்தார். நீ வேலை செய்வது வேறு நிகழ்ச்சியில் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டில் புகை எழுந்தால் நம் வீட்டுக் கூரையையும் ஒரு முறை பார்க்கத்தானே தோன்றும்.

நீ அமெரிக்கா போன புதிதில் அனுப்பிய கோல்பேர் காணொளியைப் பார்த்துவிட்டு, மேசையைத் தட்டிக் கத்துகிற இந்த ஆளையா ரசிக்கிறாய் என்று கோபித்துக்கொண்டேன். அவர் பில் ஓ'ரைலி போன்ற செய்தி விமர்சகர்களின் வேடம் கட்டியிருக்கிறார் என்றும், பெயரின் கடைசி எழுத்து ஒலிக்காது என்றும் நீதான் விளக்கினாய். இப்போது அவர் முன்பு அந்த வேடத்தில் நடத்திய 'கோல்பேர் ரிப்போர்ட்' பகுதிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். 'தி வேர்ட்' என்ற பகுதியில் அவர் ஒருபுறம் அமர்ந்து அடித்துப் பேச, வலப்பக்கத்துக் கட்டத்தில் வாக்கியத்துக்கு ஒரு வரி தோன்றி, வாய் சாதிப்பதை ஓசையில்லாமல் கவிழ்த்துவிடுகிறது. 2005 அக்டோபர் 17 அன்று, முதல் நிகழ்ச்சியிலேயே அவர் எடுத்துக்கொண்ட சொல் 'ட்ரூத்தினெஸ்': ஆதாரம் எதற்கு, என் மனத்துக்கு உண்மையாகப் படுகிறதே, அது போதும் என்னும் போக்கு. இப்படிப்பட்ட வரிகளை எழுதுகிறவர்களில் என் மகளும் ஒருத்தி என்பதைக் காலை நடையில் யாரிடமாவது சொல்லாமல் நான் திரும்புவதில்லை. ஆனால் அதை நீ எனக்கு ஒரு வரியில்கூட எழுதியதில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

2006 ஏப்ரலில், வெள்ளை மாளிகைச் செய்தியாளர் விருந்தில் அதிபர் புஷ் சில அடி தூரத்தில் அமர்ந்திருக்க, திங்கட்கிழமை நம்பியதையே புதன்கிழமையும் நம்புகிறவர், இடையில் செவ்வாய்க்கிழமை என்ன நடந்திருந்தாலும் சரி என்று அவரைப் பாராட்டினாரே, அதைக் கேட்டபோது எனக்கு ஒளவைதான் நினைவுக்கு வந்தாள். நெய் பூசிப் பளபளக்கும் தொண்டைமானின் படைக்கலங்களை அவன் எதிரிலேயே புகழ்ந்து, அவை போரைக் காணாதவை என்பதை உணர்த்தியவள் அவள். வஞ்சப்புகழ்ச்சிக்கு அந்தப் பாட்டைத்தான் முப்பது ஆண்டுகள் எடுத்துக்காட்டாக நடத்தினேன்.

நடத்திய நானேதான் அதையும் செய்தேன். ஒன்பதாம் வகுப்பு ஆண்டு விழாவில், அட்டைப் பெட்டியை வெட்டிய சட்டத்துக்குள் முகத்தை வைத்து நீ செய்தி வாசித்தாய். ஊரில் தண்ணீர் வராத அந்த வாரத்தில், நம் குடங்களுக்கு ஓய்வு கொடுத்த தலைவருக்கு நன்றி என்றாய். அரங்கமே சிரித்தது. மறுநாள் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனதும், நான் சொல்லச் சொல்ல நீ மன்னிப்புக் கடிதம் எழுதினாய். அவர் மிரட்டியதாக உன்னிடம் சொன்னேன். அவர் மிரட்டவில்லை, பாப்பா. யார் எழுதிக் கொடுத்தது என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது, பயந்தவன் நான். அதன் பிறகு நீ பள்ளி மேடை ஏறவே இல்லை. படிப்பில் கவனமாக இருக்கிறாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்தேன். அந்தக் கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. பச்சைப் பெட்டியில் இருக்கிறது.

மாடி அறைக்கு வெள்ளையடித்திருக்கிறோம். வங்கி வைப்புத்தொகை அக்டோபரில் முதிர்கிறது. அதற்கு இங்கே எந்தச் செலவும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு. உங்கள் இரவு பதினொன்றரை இப்போது எங்களுக்குக் காலை ஒன்பது மணி. அந்த நேரத்தில் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா