வயலினோடு விமானம் ஏறப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெரிய நிம்மதி. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மகள் செல்லோவை, அந்தப் பெரிய வயலின் மாதிரிக் கருவியை, விடவில்லை. இப்போது முழு அளவு செல்லோவுக்கே மாறிவிட்டாள். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், நீ கேட்டதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

வெளிநாட்டு மேடையில் வாசிக்க உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒரே ஆசிரியரிடம் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த காலத்திலிருந்தே உன் வில்லின் நிதானத்தை ரசித்தவன் நான். இந்த அழைப்பு போய்ச் சேர வேண்டிய ஆளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வயலினை நன்றாகச் சுற்றிக் கட்டி செக்-இன் லக்கேஜில் போட்டுவிடலாமா, கையில் கொண்டுபோவது பெரிய தொல்லையாமே என்று கேட்டிருக்கிறாய். தொல்லைதான். ஆனாலும் கையில்தான் கொண்டுபோக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

சரக்கு அறையில் காற்றழுத்தம் இருக்காது, வயலின் வெடித்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது உண்மையில்லை. பயணிகள் விமானத்தில் கீழ் அறையிலும் அழுத்தம் உண்டு. ஆபத்து வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது. பெல்ட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து விமானத்துக்கு என்று பெட்டி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் அது விழலாம், அல்லது அதன்மேல் கனமான சூட்கேஸ் விழலாம். விமானம் தாமதமானால் வெட்டவெளியில் வெயிலிலோ பனியிலோ கிடக்கலாம். வயலினின் மேல்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான். அதை ஒட்டியிருக்கும், விலங்குத் தோலிலிருந்து செய்த பசை சூட்டில் இளகக்கூடியது. இவ்வளவு மென்மையான ஒன்றை யார் கையில் போகிறது என்றே தெரியாமல் அனுப்ப எனக்கு மனம் வராது. கனடாவைச் சேர்ந்த டேவ் கேரல் என்ற இசைக்கலைஞரின் கிதார் 2008-ல் அப்படித்தான் லக்கேஜில் போய் உடைந்தது. மாதக்கணக்கில் இழப்பீடு கேட்டு அலைந்தும் கிடைக்காமல், அவர் அதையே பாட்டாகப் பாடி 2009-ல் இணையத்தில் போட்டார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். எல்லோருக்கும் பாட்டுப் பாடி நியாயம் கேட்க முடியாது.

இப்போது கைப்பை விஷயம். பெரும்பாலான நிறுவனங்கள் கைப்பைக்கு 55 செ.மீ. அளவில் நீளத்தை நிறுத்திவிடுகின்றன. முழு அளவு வயலினே கிட்டத்தட்ட 60 செ.மீ., உன்னிடம் இருக்கும் நீள்சதுரப் பெட்டி 80 செ.மீ. பக்கம் வரும். கவுன்ட்டரில் வைத்திருக்கும் அளவுச் சட்டத்துக்குள் அது ஒருநாளும் நுழையாது. அதனால் கைப்பை விதியை நம்பிப் போகாதே. இசைக்கருவிகளுக்கு என்று ஒவ்வொரு நிறுவனமும் தனியாக எழுதி வைத்திருக்கும் பகுதியைத் தேடிப் படி. வயலினை வெளிப்படையாக அனுமதிப்பவை உண்டு. இன்னொரு இருக்கை வாங்கச் சொல்பவையும் உண்டு. டிக்கெட் எடுத்த பிறகு இதைப் படித்துப் பயனில்லை. பன்னாட்டு இசைக்கலைஞர் கூட்டமைப்பு, விமான நிறுவனங்களை இசைக்கருவி விஷயத்தில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று தரம் பிரித்து வெளியிடுகிறது. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு தெளிவான சட்டம் இருக்கிறது. 2012-ல் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2015 மார்ச் 6 முதல் நடைமுறைக்கு வந்தன. வயலின், கிதார் போன்ற சிறிய கருவியை, நீ ஏறும் நேரத்தில் மேல் அடுக்கிலோ இருக்கைக்கு அடியிலோ பத்திரமாக வைக்க இடம் இருந்தால், அந்த நிறுவனம் அனுமதித்தே ஆகவேண்டும். வழக்கமான கைப்பைக் கட்டணத்துக்கு மேல் கேட்கவும் கூடாது. ஆனால் இது அந்த நாட்டு நிறுவனங்களுக்குத்தான். ஒரு நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் எடுத்து, நடுவில் ஒரு கட்டம் வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் போவதாக அமைந்துவிடும் அல்லவா, அந்தக் கட்டத்தில் யார் விமானத்தை ஓட்டுகிறார்களோ அவர்கள் சொல்வதே பெரும்பாலும் செல்லும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதைத் தனித்தனியாகப் பார்.

அந்தச் சட்டத்தில் 'ஏறும் நேரத்தில் இடம் இருந்தால்' என்று வருகிறது பார், எல்லாமே அதில்தான் இருக்கிறது. அங்கேயும் சரி, மற்ற நாடுகளிலும் சரி, வயலினுக்கு யாரும் இடம் ஒதுக்கி வைப்பதில்லை. முதலில் ஏறுபவருக்கு இடம், கடைசியில் ஏறுபவருக்கு வாக்குவாதம். அதனால் உன் பயணத்தின் மற்ற வசதிகளை எல்லாம் இதற்குப் பின்னால் தள்ளிவிடு. முன்கூட்டியே ஏறும் சலுகையை விற்கிறார்கள் என்றால் தயங்காமல் வாங்கு. அந்தப் பணம் உனக்கில்லை, வயலினுக்கு. சில நிறுவனங்கள் பின்வரிசைக்காரர்களை முதலில் ஏற்றும். அங்கே பின்னால் இருக்கை எடுப்பது புத்திசாலித்தனம். முன்னால் தடுப்புச் சுவர் மட்டும் இருக்கும் வரிசை வேண்டாம், காலடியில் எதையும் வைக்க விடமாட்டார்கள். விமானத்தின் வகையையும் பார்த்துக்கொள். பெரிய விமானங்களில் மேல் அடுக்கு ஆழமாக இருக்கும், வயலின் தாராளமாகப் படுக்கும். ஏடிஆர், சிஆர்ஜே போன்ற சிறிய விமானங்களில் அடுக்கு குறுகல். நீண்ட பயணத்தின் கடைசிச் சின்னக் கட்டத்தில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, வயலின்தான் உன் கைப்பை என்று கணக்கு வைத்துக்கொள். அதோடு இழுத்துப்போகும் பெட்டி ஒன்றையும் கொண்டுபோனால் அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று போதும். மேடை உடை லக்கேஜில் போகட்டும். உடை தொலைந்தால் இன்னொருவரிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

எனக்கு ஒருமுறை இணைப்பு விமானத்தில் கேட்டில் நின்ற ஊழியர், இது கீழேதான் போகவேண்டும் என்று சீட்டைக் கட்ட வந்துவிட்டார். அந்த நிறுவனத்தின் இசைக்கருவி விதியை அச்சடித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். அவர் அசையவில்லை. பிறகு பெட்டியைத் திறந்து வயலினைக் காட்டினேன். விமானத்துக்குள் இருக்கும் பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியுமா, அவர் இடமில்லை என்றால் நானே திரும்பி வந்து தருகிறேன் என்று சொன்னேன். உள்ளே இருந்த பெண், யாரோ வைத்திருந்த இரண்டு கோட்டுகளை எடுத்து வயலின்மேல் போட்டு, ஒரு நிமிடத்தில் இடம் செய்துவிட்டார். இது எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் குரலை உயர்த்தி யாரும் வயலினை உள்ளே கொண்டுபோனதில்லை என்பது என் எண்ணம். அந்த ஊழியர்கள் தினமும் நூறு பெட்டிகளைப் பார்க்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் மனம் மாறுகிறது. அப்படியும் முடியாது என்றால், விமானத்தின் வாசலில் உன் கையாலேயே கொடுத்து, இறங்கியதும் அதே வாசலில் திருப்பித் தரச் சொல். பெல்ட் வழியாகப் போவதைவிட அது எவ்வளவோ மேல். இந்த நிலைமைக்கும் தயாராகவே வீட்டிலிருந்து கிளம்பு.

தயாராவது என்றால் என்ன? பெட்டிக்குள் வயலின் துளியும் அசையக் கூடாது. தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையின் இரண்டு பக்கமும், தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்கு அடியிலும் மெல்லிய துணி மடித்து வை. தந்திகளை அரை சுரம், அதிகம் போனால் ஒரு சுரம் இறக்கினால் போதும். முழுக்கத் தளர்த்திவிடாதே. உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி ஒட்டப்பட்டதில்லை, மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையிலான அழுத்தத்தில்தான் நிற்கிறது. தந்தி முழுக்கத் தளர்ந்தால் அது சாய்ந்துவிடக்கூடும். போய் இறங்கிய இடத்தில் அதை நிமிர்த்த ஆள் தேடிக்கொண்டிருப்பாய். கிதார்க்காரர்கள் கொஞ்சம் கூடவே தளர்த்துவார்கள், அதன் கழுத்தின்மேல் விழும் இழுவிசை வேறு.

வறட்சியைப் பற்றி யாரும் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மரக் கருவிக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் இதமானது. நீண்ட தூர விமானத்துக்குள் அது பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். வெளியில் உறைந்து கிடக்கும் காற்றில் அநேகமாக நீராவியே இருக்காது, அதைத்தான் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். உன் உதடு காய்வதுபோல மரமும் காய்கிறது. தந்தியை முறுக்கும் பிரடை சுருங்கி வழுக்கும், தந்தி தானாக இறங்கும், ஓரத்தில் ஒட்டு விடும், மோசமானால் பலகையில் கீறல் விழும். பறக்கும்போது ஆசைப்பட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்காதே. பெட்டிக்குள் வைக்கும் ஈரப்பதப் பை கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் போடு. ரப்பர்க் குழாய் மாதிரியான வகை என்றால், நனைத்து, நன்றாகப் பிழிந்து, வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு வை. சொட்டுத் தண்ணீர் வறட்சியைவிடக் கெடுதல். போய் இறங்கியதும் அறையில் ஒரு மணி நேரமாவது பெட்டியை மூடியபடியே விடு. பிறகு திறந்து, குதிரை நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சுருதி ஏற்று. இறங்கிய அன்றே கச்சேரி வைத்தால் ஒப்புக்கொள்ளாதே, கருவிக்கு ஒரு இரவு தேவை.

பாதுகாப்புச் சோதனை பெரிய விஷயமில்லை. எக்ஸ்-ரே மரத்தை ஒன்றும் செய்யாது. வில்லில் தேய்க்கும் ரோசின் திடப்பொருள், கொண்டுபோகலாம். கத்தரிக்கோல், திருப்புளி, எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் லக்கேஜுக்கு மாற்றிவிடு. திறந்து பார்க்க வேண்டும் என்றால், நானே திறந்து காட்டுகிறேன் என்று சொல்.

வில் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பழைய வில்லின் நுனியில் தந்தத் தகடு இருக்கலாம். யானைத் தந்தம் எல்லை தாண்டுவதற்கு, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. 2014-ல் ஹங்கேரியின் புகழ்பெற்ற இசைக்குழு ஒன்று நியூயார்க்கில் இறங்கியபோது, தந்தம் இருக்கிறது என்ற சந்தேகத்தில் சில வில்களை அதிகாரிகள் பிடித்து வைத்துவிட்டார்கள். நல்ல வில் செய்யும் பெர்னாம்புகோ மரமும் 2007 முதல் அந்த ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. ரோஸ்வுட் குடும்பம் முழுவதையும் 2017-ல் சேர்த்தார்கள், 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்குப் பெரும்பாலும் விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. விலையுயர்ந்த பழைய கருவியோடு அடிக்கடி எல்லை தாண்டுபவர்களுக்கு, மூன்று ஆண்டுவரை செல்லும் இசைக்கருவிச் சான்றிதழ் ஒன்று உண்டு. உனக்கு அவ்வளவு தேவையில்லை என்று நினைக்கிறேன். தாத்தாவின் தந்த நுனி வில்லை வீட்டில் வைத்துவிட்டு, கார்பன் ஃபைபர் வில்லை எடுத்துக்கொண்டு போ. வாசிக்கும்போது அந்த வில்தான் வேண்டும் என்று உன் கை சொல்லும், தெரியும். திரும்பி வந்து அதில் வாசித்துக்கொள்ளலாம்.

இழப்பீட்டை நம்பாதே. 1999-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பயணத்தில் மூட்டை முடிச்சுகளுக்குச் சேதம் வந்தால் அதிகபட்சம் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) தான், அதுவும் 2024 டிசம்பர் இறுதியில் உயர்த்திய பிறகு. கீழே கொடுத்த பெட்டிக்குச் சேதம் என்றால், கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். அதனால் கருவிக்குத் தனிக் காப்பீடு எடு. கிளம்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வை.

மகளுடைய செல்லோவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அவள் ஒரு இசை முகாமுக்குப் போகிறாள், செல்லோவுக்கும் ஒரு இருக்கை வாங்கியிருக்கிறோம். செல்லோவுக்கு வேறு வழியே இல்லை. இணையத்தில் எடுக்க முடியவில்லை, தொலைபேசியில் பேசித்தான் எடுத்தோம். 'சிபிபிஜி' (CBBG, இருக்கையில் வைக்கும் கைப்பை) என்ற குறியீட்டோடு அந்த இருக்கை பதிவாகியிருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்தேன். ஜன்னல் இருக்கையில்தான் வைக்க விடுவார்கள், அவசர வழி வரிசையில் கூடாது, பெல்ட்டோடு கூடுதல் பட்டை ஒன்றை இணைத்துக் கட்டுவார்கள். மறைந்த செல்லோ மேதை லின் ஹாரல், தன் செல்லோவுக்கு வாங்கிய இருக்கைகளுக்குப் பயணப் புள்ளிகள் சேர்த்துவந்தார். 2012-ல் நிறுவனம் அவருடைய கணக்கையே மூடிவிட்டது. முழு விலை கொடுத்த இருக்கைக்குப் புள்ளி ஏன் இல்லை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உன் வயலினுக்குத் தனி இருக்கை தேவையில்லை. சிறிய விமானத்தைத் தவிர்க்கவே முடியாது என்றால் மட்டும் யோசி.

விதிகள் ஒரே நாளில் மாறும் என்பதையும் நினைவில் வை. 2006 ஆகஸ்டில் பிரிட்டன் விமான நிலையங்களில் கைப்பைகளை அடியோடு கட்டுப்படுத்தியபோது வயலின்கூட உள்ளே போக முடியவில்லை. செப்டம்பரில் இசைக்கருவிகளுக்குத் தளர்த்தும்வரை, கலைஞர்கள் ரயிலையும் கப்பலையும் தேடினார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் விதியை இன்னொருமுறை படித்துவிடு.

என்னிடம் வயலின் வடிவிலேயே இருக்கும் மெல்லிய பெட்டி ஒன்று இருக்கிறது. நீள்சதுரப் பெட்டியைவிட அடுக்கில் எளிதாக நுழையும், இப்போதைக்கு எனக்குத் தேவையில்லை. உன் வயலினுக்குப் பொருந்துமா என்று பார்க்கவேண்டும். மொத்த நீளத்தையும், அடிப்பக்கத்தின் அதிகபட்ச அகலத்தையும் அளந்து எழுது, அனுப்பி வைக்கிறேன். டிக்கெட் எடுக்கும் முன் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் விமான வகை என்ன என்று கேட்டு எனக்கும் தெரிவி, சேர்ந்து பார்க்கலாம். அப்புறம், மேடையில் எதில் தொடங்கப்போகிறாய் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
உன் பழைய நண்பன்