மேட்டுக்குக் காசு வாங்கினீர்கள், மேட்டைக் காணோம்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
வீடமைப்பு மேம்பாட்டு நிறுவனம்

பொருள்: இரண்டாம் கட்ட வேலையில் மேடும் ஓடையும் அழிக்கப்படுவது

ஐயா / அம்மா, வணக்கம்.

மலேசியாவில், சிலாங்கூர் செமினியில் பழைய பால்மர (ரப்பர்) தோட்டத்தில் நீங்கள் கட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), மேட்டைப் பார்த்த வரிசையில் வீடு வாங்கியவன் நான். அந்த வரிசைக்கு மட்டும் 18,000 வெள்ளி (ரிங்கிட்) கூடுதல். ஏன் என்று கேட்டதற்கு, "அது பசுமைப் பகுதி சார், கை வைக்க மாட்டோம்" என்றார் உங்கள் விற்பனையாளர். விற்பனைக் கூடத்து மாதிரியிலும் மேடு, ஓடை, கரையோர நடைபாதை எல்லாம் இருந்தன.

இப்போது பாதி மேட்டைப் புல்டோசர் வழித்துவிட்டது. மழை பெய்தால் செம்மண் கரைந்து எங்கள் வாசல் கால்வாயில் இறங்குகிறது. கையை விட்டால் மணிக்கட்டு வரை சேறு. ஓடையை உள்ளே அடைக்க கான்கிரீட் குழாய்களும் வந்து கிடக்கின்றன. கேட்டால், "விளம்பரப் படம் விளக்கத்துக்கு மட்டும்" என்கிறார்கள் உங்கள் ஆட்கள். சரி, அப்படியென்றால் 18,000 வெள்ளி எதற்கு?

என் அப்பா இதே தோட்டத்தில் பால் வெட்டியவர். வெள்ளைக்கார துரை காலத்தில்கூட மேட்டை யாரும் மட்டமாக்கவில்லை. சரிவுக்குக் குறுக்கே படிப்படியாக வெட்டி மரம் நட்டார்கள், மண் அரிக்காமல் கொடி படரவிட்டார்கள், மழைநீர் தங்கக் குழி தோண்டினார்கள். லாபத்துக்காகத்தான், சந்தேகமில்லை. ஆனாலும் மேடு மேடாகவே இருந்தது.

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 21ஏ பிரிவுப்படி, நிலத்தின் இயற்கை அமைப்பை எப்படிக் காப்பீர்கள் என்று மேம்பாட்டு அறிக்கையில் சொல்லியாக வேண்டும். எங்கள் மேட்டைப் பற்றி என்ன எழுதிக் கொடுத்தீர்கள்? 1993-இல் சரிந்து 48 உயிர்களைக் கொண்டுபோன ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில், மேட்டு ஓடையைக் குழாய்க்குள்தான் திருப்பிவிட்டிருந்தார்கள். அதையும் உங்கள் பொறியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

மீதி மேட்டில் மண் வேலையை உடனே நிறுத்துங்கள். நகராண்மைக் கழகம் ஒப்புதல் தந்த வரைபடத்தை எங்களுக்குக் காட்டுங்கள். ஓடை வளைந்து போன வழியிலேயே போகட்டும், இரு கரையிலும் இடம் விடுங்கள். அப்புறம், கால்வாய்ச் சேற்றையும் அள்ளுங்கள்.

முடியாது என்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 14 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், நகராண்மைக் கழகத்தில் புகார் செய்துவிட்டு வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். என் தொகை அதற்குள் அடங்குகிறது.

படங்களையும் உங்கள் விளம்பரத் தாளையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
மேட்டு வரிசை வீட்டுக்காரர்,
செமினி