கொப்பி நிறைகிறது, யார் பார்க்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு பெரியவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இப்போது பாடசாலைகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வீட்டுவேலை குறைந்துவிட்டதாம், பெறுபேறுகள் விழுவதற்கு அதுதான் காரணமாம், தான் குப்பி விளக்கில் இரவு பத்து மணிவரை கணக்குச் செய்துதான் எஞ்சினியர் ஆனாராம். ஐயா கோபிக்கக் கூடாது, எந்தப் பாடசாலையில் வீட்டுவேலை குறைந்திருக்கிறது என்று விலாசம் தந்தால் நாளைக்கே பிள்ளைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். குப்பி விளக்குக் கதை எங்களிடமும் இருக்கிறது. 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனபோது நடுவில் மெழுகுதிரியை வைத்து, இந்தப் பக்கம் மகனும் அந்தப் பக்கம் மகளுமாக இருந்து எழுதினார்கள். அதனால் அவர்கள் கெட்டிக்காரர் ஆனதாகத் தெரியவில்லை, மகளின் முன்மயிர் கொஞ்சம் கருகியதுதான் மிச்சம்.

மகள் இப்போது தரம் 4. நாங்கள் இருப்பது கொழும்பில் கொட்டாஞ்சேனையில், இரண்டு அறை வீடு. நான் கோட்டையில் வேலை முடிந்து பஸ் பிடித்து வீடு வந்து சேர ஆறே கால் ஆகும், அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடமே தொடங்கும். போன தவணையில் ஒரு நாள் சுற்றாடல் பாடத்துக்கு வெளிச்சவீடு ஒன்று செய்து வரச் சொல்லியிருந்தார்கள், அடுத்த நாளே வேண்டும், அதையும் இரவு ஏழரைக்குத்தான் பிள்ளை சொல்கிறாள். அவளுடைய அப்பா ஓடிப்போய் மூடப் போன கடையைத் திறக்க வைத்து ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை வாங்கி வந்தார், நான் பதினொரு மணிவரை வெட்டி ஒட்டி சிவப்பும் வெள்ளையுமாக நிறம் அடித்தேன், பிள்ளை எட்டரைக்கே தூங்கிவிட்டாள். டீச்சர் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி அனுப்பியிருந்தார். அந்த நட்சத்திரம் எனக்கு என்பது டீச்சருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, அது சிரிப்புக்கு. சிரிக்க முடியாதது அடுத்த மாதம் நடந்தது. கணிதக் கொப்பியைத் தற்செயலாகப் புரட்டினேன். ஒரே இரவில் 30 பெருக்கல் கணக்கு கொடுத்திருக்கிறார்கள், பிள்ளை முப்பதையும் செய்திருக்கிறாள், நல்ல எழுத்து, கோடு போட்டு அழகாக. ஆனால் மேலே கொண்டுபோக வேண்டிய எண்ணைக் கூட்ட மறந்துவிடுகிறாள். 27 ஐ 4 ஆல் பெருக்கினால் 88 என்று எழுதியிருக்கிறாள். அதே பிழை அடுத்த கணக்கிலும், அதற்கு அடுத்ததிலும், எண்ணிப் பார்த்தேன், 26 இடத்தில். பக்கத்துக்குக் குறுக்கே சிவப்புப் பேனையால் ஒரு பெரிய சரி, கீழே திகதி, கையெழுத்து. ஒரு பிழையை 26 தடவை எழுதிப் பழகி, அதற்குச் சரியும் வாங்கி வந்திருக்கிறாள். வீட்டுவேலை தந்திருக்காவிட்டால் அன்றைக்கு அந்தப் பிழை இவ்வளவு ஊறியிருக்காது.

டீச்சரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்த வகுப்பில் 43 பிள்ளைகள். ஆளுக்கு 30 கணக்கு என்றால் 1290 கணக்கு, அது கணிதம் மட்டும், இன்னும் தமிழ், சுற்றாடல், ஆங்கிலம் என்று இருக்கிறது. எந்த மனிசியால் பார்க்க முடியும்? பார்க்க முடியாத அளவுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பெரியவர் ஆராய்ச்சி என்றும் ஒரு வார்த்தை போட்டிருந்தார், அதனால் தேடிப் பார்த்தேன். இந்த விஷயத்தில் எல்லாரும் எடுத்துச் சொல்வது அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியரை. 1987 முதல் 2003 வரை அந்த நாட்டில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006 இல் அவரும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள். தரம் 7 இலிருந்து மேலே வீட்டுவேலை செய்யும் நேரத்துக்கும் புள்ளிக்கும் தொடர்பு தெரிகிறது, ஆரம்ப வகுப்புகளில் அந்தத் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை. மேல் வகுப்புகளில் தெரிகிற தொடர்பையும் காரணம் என்று எடுத்துவிடக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளை கொடுத்ததை எல்லாம் செய்யும், வீட்டில் படித்த தாய்தகப்பன் இருந்தால் செய்ய வைப்பார்கள், அப்புறம் புள்ளி வந்ததும் வீட்டுவேலைதான் கொண்டுவந்தது என்போம். குடையோடு ஆட்கள் திரிவதால்தான் மழை பெய்கிறது என்கிற மாதிரி. இத்தனைக்கும் கூப்பர் வீட்டுவேலைக்கு எதிரி இல்லை, ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம் என்று கணக்குச் சொல்கிறவர். தரம் 4 என்றால் 40 நிமிடம். எங்கள் வீட்டில் அது பென்சில் சீவி, அழிறப்பர் தேடி முடிக்கிற நேரம்.

2012 இல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த பீசா சர்வதேசத் தேர்வின் கணக்கும் இருக்கிறது. சீனாவின் ஷாங்காய் பிள்ளைகள் கிழமைக்குச் சுமார் 14 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள், கணிதத்தில் முதலிடம். பார்த்தீர்களா என்று பெரியவர் சொல்வார். ஆனால் பின்லாந்திலும் தென் கொரியாவிலும் சுமார் 3 மணி நேரம்தான், தென் கொரியா அந்தத் தேர்வில் முன்வரிசையில் நின்றது, பின்லாந்து சராசரிக்கு மேலே. கிழமைக்கு நான்கு மணி நேரம் போல் தாண்டியபின் கூடச் செய்வதால் பெரிய பலன் இல்லை என்றும் அதில் கண்டார்கள். அந்த 14 மணி நேரச் சீனாவே 2021 ஜூலையில் முதல் இரண்டு வகுப்புகளுக்கும் எழுத்து வீட்டுவேலையை நிறுத்தி, மற்ற ஆரம்ப வகுப்புகளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சட்டதிட்டம் போட்டது.

தென் கொரியாவின் 3 மணி நேரத்தை நம்பி நாமும் ஏமாறக் கூடாது. அங்கே பிள்ளைகள் மாலையில் போவது டியூஷனுக்கு. இதைக் கொழும்பில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. என் மகன் தரம் 10, ஆராய்ச்சிப்படி வீட்டுவேலையால் உண்மையில் பலன் வரக்கூடிய வயது. அவன் இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டு, மூன்றரைக்கு வெள்ளவத்தைக்கு வகுப்புக்குப் போனால் வீடு திரும்ப எட்டு மணி. பாடசாலை வீட்டுவேலையை வட்ஸ்அப்பில் ஒருவன் படம் பிடித்துப் போட, காலையில் வேனுக்குள் இருந்து எல்லாரும் பார்த்து எழுதுகிறார்கள். டியூஷன் சேர் கொடுத்த கணக்கை மட்டும் இருந்து யோசித்துச் செய்வான். ஏனடா என்று கேட்டேன். “சேர் அடுத்த நாள் போர்டுக்குக் கூப்பிட்டுக் கேட்பார் அம்மா” என்றான்.

எங்கள் கீழ் வீட்டுப் பையனும் தரம் 4 தான். தாய் எட்டாம் வகுப்போடு நின்றவள், தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார். அவனுக்கு வெளிச்சவீடு செய்துகொடுக்க ஆள் இல்லை, செய்யாமல் போனதற்கு வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் வறிய வீட்டுப் பிள்ளைகளைவிடக் கிழமைக்கு 1.6 மணி நேரம் கூடுதலாக வீட்டுவேலை செய்கிறார்கள் என்று அதே பீசா கணக்குச் சொல்கிறது. அது சோம்பலைக் காட்டும் கணக்கா, மேசையும் லைட்டும் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் இருக்கிற வீட்டைக் காட்டும் கணக்கா?

நான் கேட்பது கொஞ்சம்தான். ஆரம்ப வகுப்புக்கு 30 கணக்கு வேண்டாம், ஐந்து போதும். அடுத்த நாள் காலை அந்த ஐந்தையும் போர்டில் போட்டு, பிள்ளைகள் தாங்களே சரி பார்க்கட்டும், டீச்சர் ஒரு நாளைக்குப் பத்துக் கொப்பியை மட்டும் வாங்கி வரி வரியாகப் பார்க்கட்டும், ஐந்து நாளில் வகுப்பு முடிந்துவிடும். ரெஜிபோம் வேலை எல்லாம் வகுப்பிலேயே நடக்கட்டும். வீட்டுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுத்துவிடுங்கள், பஸ்ஸில் வந்த களைப்போடு நானும் பக்கத்தில் படுத்துக் கேட்கிறேன்.

இன்னொன்று. பெரியவரின் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தன்னுடைய கணக்கு மாஸ்டர் காலையில் ஒவ்வொருவரின் கொப்பியையும் வாங்கி, பிழைத்த இடத்தைச் சுழித்து, திருத்திச் செய்யும்வரை விடமாட்டார் என்று அவரே எழுதியிருக்கிறார். எஞ்சினியர் ஆனதன் புகழை மட்டும் ஏனோ குப்பி விளக்குக்குக் கொடுத்துவிட்டார்.

கடிதத்தைப் போட்டால் தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். பிள்ளை இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள்.

ஒரு தாய்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13