கத்தரிக்கோல்களைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் ரிப்பனை வெட்டியதும், மறுநாளே யூகேஜியின் கத்தரிக்கோல்கள் எல்லாம் ஆபீஸ் பீரோவுக்குள் போனதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். அதற்கப்புறம் டைரியில் வருகிறதே ஒரு வரி, 'படங்களை வீட்டிலேயே வெட்டி அனுப்பவும்', அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சரி, வெட்டுகிறோம். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டு காய்கறிப் படங்கள் வெட்டினேன். வெட்ட வேண்டியவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "தக்காளிய மட்டுமாவது எனக்கு வெச்சிருக்கலாம்லப்பா" என்றாள். அவளுக்கு 5 வயது. நேர்கோடு பழகி, வட்டம் வெட்டக் கை வருகிற நேரம்.

ஒரு தக்காளியை வெட்டுவதில் என்ன இருக்கிறது என்றால், நிறைய இருக்கிறது. ஒரு கை திறந்து மூட, இன்னொரு கை தாளைத் திருப்பிக்கொண்டே வர வேண்டும், கண் கோட்டை விடக் கூடாது. கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் வேலை செய்யும்போது மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையில் அடங்கி இருக்கப் பழக வேண்டும். பென்சில் பிடிப்பதும் சட்டைப் பட்டன் போடுவதும் இதே விரல்கள்தான். பழகுகிற கருவியைப் பூட்டி வைத்துவிட்டு, நாலுகோடு நோட்டில் 'பிடிமானம் சரியில்லை, பயிற்சி தேவை' என்று சிவப்பு மையில் எழுதினால் எப்படி?

ஆக்டிவிட்டி ஃபீஸ் மட்டும் குறையவில்லை. ஆக்டிவிட்டி செய்வது நாங்கள், அதற்குக் கட்டணமும் நாங்கள்! ஆண்டு விழாவில் ரிப்பன் வெட்ட வருகிறவருக்கு மட்டும் தட்டில் வைத்துக் கத்தரிக்கோல் நீட்டுவீர்கள்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது இதுதான்: முனை மழுங்கிய கத்தரிக்கோல்களை வகுப்புக்குத் திருப்பிக் கொடுங்கள். மிஸ் முன்னால் உட்கார்ந்து தினமும் பத்து நிமிடம் வெட்டட்டும், முடிந்ததும் எண்ணி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடதுகைப் பிள்ளைகளுக்கென்று செய்தவற்றில் இரண்டையாவது வாங்கிப் போடுங்கள். சாதாரணக் கத்தரிக்கோலில் மேல் அலகு அவர்கள் வெட்ட வேண்டிய கோட்டையே மறைத்துவிடும்.

புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு மெல்லிய தாள் மடங்கிக்கொள்ளும், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைதான் வசதி. எங்கள் வீட்டில் ஒரு பை நிறையக் கிடக்கிறது. கத்தரிக்கோல் வெளியே வருகிற அன்று கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
யூகேஜி மாணவி ஒருத்தியின் அப்பா