பெயில் ஆர்டர் வந்தும் உள்ளயே கெடந்தவங்களப் பத்தி எழுத எனக்குத் தொணையா நின்னவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நாலு வாரமா நம்ம பத்திரிகைல வந்த அந்தத் தொடர் போன ஞாயித்துக்கெழமையோட முடிஞ்சிடுச்சு. நெறைய பேரு போன் பண்ணி நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க, சந்தோஷம், ஆனா நாலு வாரமும் என் ஒருத்தன் பேரு மட்டும்தான் மேல போட்டிருந்துச்சு, அது மனசை உறுத்திகிட்டே இருக்கு, ஏன்னா அதுல நான் தனியா கண்டுபுடிச்சதுன்னு ஒரு வரி கூட கெடையாது. சில பேரு யாருன்னு சொன்னா அவங்க வேலைக்கே ஆபத்து, மத்தவங்களும் பேரு வேணாம்னுட்டாங்க. படிச்சா அவங்கவங்களுக்குப் புரியும்.

மொதல்ல ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து வந்த அந்த அம்மாவுக்கு. நல்ல கத்திரி வெயில், வேலூர் தொரப்பாடி ஜெயில் வாசல்ல, உள்ள இருக்கறவங்கள மனு போட்டு பாக்க வந்தவங்க நின்னுகிட்டு இருந்தாங்க, நான் வேற ஏதோ செய்திக்காக போயிருந்தேன். அந்த அம்மா மஞ்சப்பைக்குள்ள இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர எடுத்து, அதுக்குள்ள இருந்து நாலா மடிச்ச பேப்பர எடுத்தாங்க, மடிப்பெல்லாம் கிழிஞ்சு செலோடேப் ஒட்டியிருந்துச்சு. "தோ பாரு நைனா, கோர்ட்டுல உட்டுட சொல்லிட்டாங்கோ, இவங்கோ இன்னும் உட மாட்றாங்கோ"ன்னாங்க. வாங்கிப் பாத்தா பெயில் ஆர்டர். தேதி ரெண்டு மாசத்துக்கு முந்தினது.

பம்புசெட் ஒயர் திருடுனதா பையன் மேல கேசு. அவன் வெளிய வரணும்னா ரெண்டு பேரு சூரிட்டியா, அதாவது ஜாமீன் ஆளா, நிக்கணும், அதுல ஒருத்தர் ரத்த சொந்தமா இருக்கணும், ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது எல்லாம் கொண்டாரணும். இவங்க குடியிருக்குறதே பொறம்போக்குல, வரி ரசீதுக்கு எங்க போவாங்க? சொந்தக்காரங்க பூரா செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. யாரோ ஒருத்தன் சூரிட்டி ஏற்பாடு பண்றேன்னு காசு வேற வாங்கிட்டு ஆளே காணோம்.

நான் இத்தனை வருஷமா கோர்ட்டு செய்தி எழுதுறேன். "நிபந்தனை ஜாமீன் வழங்கி உத்தரவிட்டார்"னு எழுதிட்டு அத்தோட அடுத்த கேசுக்குப் போயிடுவேன். அந்த வரிக்கு அப்பறமும் ஒருத்தன் உள்ளயே படுத்துக் கெடப்பான்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. 2022 நவம்பர்ல ராஜீவ் கொலை வழக்குல இருந்தவங்க விடுதலை ஆன அன்னிக்கு வேலூர்ல எத்தன கேமரா, நானும் அந்தக் கூட்டத்துல நெருக்கிகிட்டு நின்னவன்தான். அந்த அம்மாவ மாதிரி எத்தன பேரு அதே ஜெயில் வாசல்ல என் முன்னாடி நின்னுட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சா இப்பவும் தொண்டைய அடைக்குது. அம்மா, நீங்க அந்தப் பேப்பர என் கையில குடுக்கலன்னா இந்தத் தொடரே கெடையாது.

அடுத்து, இலவசமா சட்ட உதவி செய்யற சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலமா கேசு பாக்குற அந்த வக்கீல் தங்கச்சிக்கு. சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துல வேப்பமரத்தடியில நின்னுகிட்டே எனக்கு பாடம் எடுத்துச்சு. 2023 ஜனவரி 31ல சுப்ரீம் கோர்ட்டு போட்ட உத்தரவு ஒன்னு இருக்குண்ணா, பெயில் குடுத்தா அன்னிக்கோ மறுநாளோ ஆர்டர் காப்பிய ஜெயிலுக்கு மெயில்ல அனுப்பிடணும், ஏழு நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்டு ஆணைக்குழு செயலாளருக்கு சொல்லணும், ஒரு மாசம் ஆகியும் ஜாமீன் போடலன்னா அந்தக் கோர்ட்டே கேச எடுத்து நிபந்தனைய தளர்த்தலாமான்னு பாக்கலாம்னு சொல்லுச்சு. உள்ளூர் சூரிட்டிதான் வேணும்னு அடம் புடிக்கிறதாலதான் பல பேரு வெளிய வர முடியலன்னும் அந்த உத்தரவுலயே இருக்கு. எனக்கு இதுல ஒன்னுமே தெரியாது. தெரியாதுன்னு சொன்னப்ப முகம் சுளிக்காம போன்ல அந்த உத்தரவ எடுத்து, வரி வரியா அர்த்தம் சொன்ன பொறுமைக்கு நன்றிம்மா. அந்தப் பையனுக்காக நிபந்தனைய மாத்தக் கேட்டு மனு போட்டதும் அதே தங்கச்சிதான். வேற ஆள் ஜாமீன் இல்லாம, அவனோட சொந்த ஜாமீன்லயே விட சொல்லி ஆர்டர் ஆச்சு.

குடியாத்தத்துல இருக்குற ரிட்டையர்டு ஹெட் கிளார்க் ஐயாவுக்கு ஒரு பெரிய கும்புடு. பெயில் ஆகியும் உள்ள இருக்கறவங்க விவரம் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்துல நான் போட்ட ஆர்டிஐ மனுவுக்கு, தனிநபர் தகவல் தர முடியாதுன்னு ஒரே வரில பதில் வந்துச்சு. எந்த ஆபீசுன்னு இங்க வேணாம். நான் சோர்ந்து போயிட்டேன். ஐயாதான் என் மனுவ வாங்கிப் பாத்து, "நீ ஏன் பேரக் கேட்ட? உனக்கு பேரா வேணும்? பெயில் ஆன தேதி, வெளிய போன தேதி, போகலன்னா காரணம், இந்த மூணையும் கேளு, மீதிய மறைச்சிட்டு குடுக்கலாம்னு பத்தாவது பிரிவுலயே இருக்குது"ன்னாரு. 30 நாளுக்குள்ள மொதல் அப்பீல் போடணும், அத அவரே கையால எழுதிக் குடுத்தாரு. ஏன் இப்படின்னு கேட்டா எந்த ஆபீசும் பதில் சொல்லாது, எந்த ரெஜிஸ்டர்ல இருக்குதுன்னு தெரிஞ்சு அந்தப் பக்கத்தக் கேக்கணும்னு அவரு சொன்னத என் நோட்டு மொதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். அப்பீல்ல தகவல் வந்துச்சு.

கோர்ட்டுக்குள்ள வேலை பாக்குற ஒருத்தர் இருக்காரு, அவரப் பத்தி இதுக்கு மேல சொல்ல மாட்டேன். ரகசியம்னு ஒரு துண்டுச் சீட்டு கூட அவரு எனக்குக் குடுத்ததில்ல. கேஸ் கட்டை எப்படிப் படிக்கணும், வாய்தா தேதிகள வரிசையா வச்சுப் பாத்தா என்ன தெரியும், ஒவ்வொரு கேசுக்கும் தனியா குடுக்குற சிஎன்ஆர் நம்பரோட பதினாறு எழுத்தும் தெரிஞ்சா வீட்டுல உக்காந்தே எந்த கேசு எங்க நிக்குதுன்னு பாக்கலாம், இதத்தான் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு அது போதும் சார்.

கோர்ட்டு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்குற அண்ணனுக்கும் நன்றி. அந்த அம்மாவோட கிழிஞ்ச ஆர்டர கண்ணாடி மேல வச்சு, துண்டு துண்டா சேத்து, எழுத்து தெரியற வரைக்கும் எடுத்துக் குடுத்துட்டு காசு வாங்கவே இல்ல.

மூணாவது வாரம் வந்தப்பறம் ராத்திரில போன் வர ஆரம்பிச்சுது, பேச மாட்டாங்க, வச்சிடுவாங்க. தெருமுனையில ரெண்டு நாள் ஒரு பைக் நின்னுச்சு. யாருன்னு எனக்குத் தெரியல, யார் மேலயும் பழி போடல. நான் யார்கிட்டயும் சொல்லல, ஆனா ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனுங்க எப்படியோ கவனிச்சிட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் எங்க தெருவுலயே வண்டிய போட்டு உக்காந்திருந்தாங்க. எதிர்வீட்டு அக்கா விடிய விடிய வாசல் லைட்ட அணைக்கல. என் வீட்டுக்காரம்மா அந்த நாலு வாரமும் தூங்குச்சான்னே எனக்குத் தெரியாது, ஒரு வாட்டி கூட "வுட்டுடுங்க"ன்னு சொல்லல. இவங்களுக்கெல்லாம் நன்றின்னு எழுதறப்பவே கை நடுங்குது.

டெஸ்க்குல சப் எடிட்டர் அண்ணே, மொதல் பாகத்துல நான் "குற்றவாளி"ன்னு எழுதுனத அடிச்சு "விசாரணைக் கைதி"ன்னு மாத்துனீங்க. இந்தியாவுல ஜெயில்ல இருக்கறவங்கள்ல நாலுல மூணு பேரு தீர்ப்பே வராத விசாரணைக் கைதிங்கதான், நாம எழுதுற ஒரு வார்த்தை அவங்க எல்லாருக்கும் தீர்ப்பு எழுதிடும்டான்னு சொன்னீங்க. அந்தப் பையன் பேரையும் ஊரையும் நீங்கதான் எடுத்தீங்க. "நாளைக்கு அவன் வேலைக்குப் போகணும்டா"ன்னு சொன்னீங்களே, அத நான் மறக்க மாட்டேன்.

பையன் வெளிய வந்தது ஒரு சாயங்காலம். கையில ஒரு துணிப்பை, கால்ல செருப்பு இல்ல. அந்த அம்மா அழல, அவன் தலைய தொட்டுப் பாத்துட்டு "எளச்சிட்ட"ன்னு மட்டும் சொன்னாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இழுத்துகினு போயிட்டாங்க.

உங்க தெருவுல, சொந்தத்துல யாராவது பெயில் ஆகியும் வர முடியாம இருந்தா, தயவுசெஞ்சு புரோக்கர் கையில காச குடுத்துடாதீங்க. 15100க்கு போன் பண்ணுங்க, அது இலவச சட்ட உதவி நம்பர். இல்லன்னா சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துல ஆணைக்குழு ஆபீசுக்கு நேராவே போங்க, ஆர்டர் காப்பிய மட்டும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.

போன வாரம் அந்த அம்மா ஆபீசுக்கு வந்தாங்க, ஒரு பை நெறைய இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா. செய்தி எழுதுனதுக்கு யார்கிட்டயும் எதுவும் வாங்கறதில்லம்மான்னு சொல்லிப் பாத்தேன். "நீ வாங்கலன்னா நான் திரும்ப பஸ்ஸுல தூக்கினு போவணும் நைனா, கை வலிக்குது"ன்னாங்க. வாங்கி, ஜெராக்ஸ் அண்ணன், வக்கீல் தங்கச்சி, ஆட்டோ ஸ்டாண்டு, எதிர்வீட்டு அக்கா, டெஸ்க்குன்னு எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துட்டேன்.