'க'வோடு நின்றுபோன கலைக்களஞ்சியம்

ஸ்ரீவைகுண்டம்
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள கோமதி,

நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். எட்டு நிமிஷம்! நடுவில் குக்கர் விசில் வேறு மூன்று தடவை. எனக்கு அந்தப் போனில் பேசிப் பதிந்து அனுப்ப வராது, பேச ஆரம்பித்தாலே பாடம் நடத்துகிற குரல் வந்துவிடுகிறது. அதனால் கடிதம். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. வீட்டில் எவ்வளவு ஒட்டடை இருக்கிறது என்பதும் தெரிகிறது. அதுதான் வருத்தம்.

பேரனுக்கு எட்டு வயது முடியப்போகிறது, "கதைப் புத்தகம் வேண்டாம், அறிவு வளர்கிற மாதிரி பத்துப் புத்தகம் சொல்லு" என்று கேட்டிருக்கிறாய். இது உன் மருமகள் சொன்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். நீயாக இருந்தால் கதையையும் கேட்டிருப்பாய். பத்தெல்லாம் எழுதப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

ஏட்டி, நம் பள்ளிக்கூடத்துப் பச்சை பீரோ ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968-லிருந்து 1976 வரை பத்துத் தொகுதியாக வந்தது. நாம் ஏழாவது படிக்கும்போது நம் பீரோவுக்கு மூன்றே மூன்றுதான் வந்து சேர்ந்திருந்தன. அகர வரிசைப் புத்தகம் இல்லையா, அதனால் நம் அறிவும் அகர வரிசையில்தான் வளர்ந்தது. ஆந்தை தெரியும், எறும்பு தெரியும், ஒட்டகம் தெரியும். மயில், வௌவால், வானவில் பற்றிக் கேட்டால் முழிப்போம். இன்ஸ்பெக்டர் வந்தபோது நீ எழுந்து எரிமலையைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாய். அவர் அசந்துபோய், "சரி, வால்நட்சத்திரம்னா என்ன?" என்றார். "அந்தப் புத்தகம் இன்னும் வரலை சார்" என்றாயே!

அதைத் தொகுத்த பெரியசாமித் தூரன் உன் கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்தவர்தான், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் தலைமையாசிரியர். கச்சேரிகளில் பாடுகிறார்களே தூரன் பாட்டு, அதே தூரன். பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியை முடித்துவிட்டு, மூச்சு வாங்காமல் பிள்ளைகளுக்குப் பத்து. அது நமக்கு அப்போது தெரியாது. பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

இப்படி ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டது நாம் மட்டும் இல்லை. மைக்கேல் ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை, பதினாலு வயதில் புத்தகம் பைண்டிங் பண்ணுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பைண்டிங்குக்கு வந்த ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில், 'E' எழுத்தில், மின்சாரம் (Electricity) பற்றிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற அம்மாள் உரையாடல் மாதிரி எழுதிய வேதியியல் புத்தகமும் அந்தக் கடையில்தான் கையில் கிடைத்தது. படித்ததோடு விடவில்லை, சில்லறைக் காசில் சாமான் வாங்கி, அதில் சொன்னது நடக்கிறதா என்று செய்து பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதற்காகத்தான். அச்சில் இருக்கிறதே என்று நம்பவில்லை, பார்.

நாமும் ஒரு தடவை செய்து பார்த்தோம். பயிற்சிப் பள்ளி விடுதியில், ரஷ்ய எழுத்தாளர் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. மாஸ்கோவில் அச்சடித்துக் கப்பலில் வந்த தமிழ்! காகிதத்தில் கிண்ணம் செய்து தண்ணீர் ஊற்றி நெருப்பில் வைத்தால் தண்ணீர் கொதிக்கும், காகிதம் எரியாது என்று படித்துவிட்டு, ராத்திரி ஸ்டவ்வைப் பற்றவைத்தோம். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த காகித விளிம்பில் குப்பென்று பிடித்தது. உன் பாவாடைக் கரையும் கொஞ்சம். வார்டன் அம்மாவிடம் வாங்கிய ஏச்சு காதிலேயே நிற்கிறது. ஆனால் மறுநாள் நீதான் சொன்னாய்: "தண்ணி இருந்த இடம் பொசுங்கவே இல்லட்டி, பாரு." தண்ணீர் இருக்கிறவரை அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, ஒட்டியிருக்கிற காகிதத்தையும் தாண்டவிடாது. காகிதம் பற்ற அதைவிட எவ்வளவோ கூடுதலாக வேண்டும். அந்தப் பெரெல்மான் 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் செத்துப்போனார் என்று பின்னால் படித்தபோது, வீட்டு ஆள் போனது போல இருந்தது.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்றதிலிருந்து சனிக்கிழமை தோறும் நூலகத்தில் பிள்ளைகளை உட்காரவைக்கிறேன் என்று சொன்னேனே. பதினைந்து இருபது பேர் வருவார்கள். பாதிப் பேர் மின்விசிறிக்காக. முதலில் நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன்: வழவழ தாளில், கலர் கலராக, "ஆயிரம் அறிவியல் தகவல்கள்" மாதிரியான புத்தகங்கள். என் பென்ஷனில் நாலைந்து வாங்கினேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். ஒன்றில் பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் ஜோடி போட்டு நிற்கின்றன. ஒன்று வடதுருவத்துப் பக்கம், இன்னொன்று தென்கோடி! இன்னொன்றில் நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியுமாம். தலையில் அடித்துக்கொண்டு பழைய பேப்பரோடு போடலாமா என்று நினைத்தேன். அப்புறம் அதையே விளையாட்டாக்கிவிட்டேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று, மேலே 'பிழை நோட்டு' என்று எழுதினோம். புத்தகத்தில் தப்புக் கண்டுபிடிப்பவர் பக்க எண்ணோடு எழுதலாம். ஆனால் எப்படித் தெரிந்தது என்பதையும் எழுத வேண்டும்.

கோமதி, அதற்குப் பிறகு பிள்ளைகள் படிக்கிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! எந்த வாத்தியார் சொல்லியும் இப்படிப் படித்ததில்லை.

சனி கிரகத்துக்கு எத்தனை நிலா என்று ஒரு நாள் சண்டை. ஒரு புத்தகம் 18 என்கிறது, இன்னொன்று 82 என்கிறது. இசக்கிமுத்து போனில் பார்த்து 274 என்கிறான். மூன்றில் எது பிழை? நோட்டில் எதை எழுதுவது? கடைசியில் முத்துச்செல்விதான் புத்தகத்தைத் திருப்பி, அச்சிட்ட வருஷத்தைப் பார்த்தாள். முதல் புத்தகம் தொண்ணூறுகளில் வந்தது, அப்போது தெரிந்தது 18. 2019-இல் கணக்கு 82 ஆனது. 2025 மார்ச்சில் ஒரே மூச்சில் 128 நிலாக்களைச் சேர்த்து 274 ஆக்கினார்கள். "அப்ப யாரும் தப்பு இல்ல டீச்சர், சனிதான் பெருத்துக்கிட்டே போவுது" என்றாள். இப்போது புத்தகத்தை எடுத்தால் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் அச்சிட்ட வருஷத்தைப் பார்க்கிறார்கள், பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற மாதிரி.

தூக்கணாங்குருவி விஷயம்தான் பெரிய ரகளை. நம் ஆச்சிமார் சொல்வார்களே, அது களிமண் உருண்டை கொண்டுவந்து கூட்டுக்குள் ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கு வைத்துக்கொள்ளும் என்று. அதையே ஒரு புத்தகத்தில், படத்தோடு, அறிவியல் உண்மையாகப் போட்டிருந்தது. வாய்க்கால் ஓரத்துப் பனையிலிருந்து காற்றுக்கு ஒரு கூடு விழுந்து கிடந்தது. மழைக்காலம் முடிந்து குருவிகள் போய்விட்ட காலிக் கூடு. இசக்கிமுத்து கொண்டுவந்து மேஜையில் வைத்தான். கையில் எடுத்தால் கனமே இல்லை. நெல்லந்தாளையும் பனையோலையையும் நார் நாராகக் கிழித்துப் பின்னியது. உள்ளே முட்டைக்கு ஓர் அறை, வெளியே வரக் கீழ்நோக்கி நீண்ட குழாய். பிளேடை வைத்து ஓரமாகக் கீறினோம். களிமண் இருந்தது! உள்சுவரில் திட்டுத் திட்டாக, காய்ந்து, நகத்தால் கீறினால் உதிர்கிற மாதிரி. மின்மினி இல்லை. சிறகு இல்லை, ஓடு இல்லை, ஒன்றும் இல்லை.

"காலையில பறந்துபோயிருக்கும் டீச்சர்."

"ஒட்டவச்சது எப்படில பறக்கும்?"

"எறும்பு தின்னிருக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கூட்டைப் பார்த்து உலகத்துக் கூட்டுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னேன். அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று கூடு வந்தன. மூன்றிலும் மண் உண்டு, மின்மினி இல்லை. காற்றில் அலையாமல் இருக்கக் கனத்துக்காக மண் என்று சிலர் சொல்கிறார்கள் என்றேன். இசக்கிமுத்து ஒப்பவில்லை, கனத்துக்கு என்றால் அடியில்தானே வைக்கும், சுவரில் எதற்கு என்கிறான். நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் முடியவில்லை.

அப்புறம் அவர்களுக்கு ஆண் குருவி கட்டுகிற முறையைப் படித்துக் காட்டினேன். பாதி கட்டி, தொப்பி மாதிரி தொங்குகிற நிலையில் நிறுத்திவிட்டு, சிறகை அடித்துக் கூப்பிடும். பெண் குருவி வந்து உட்கார்ந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதியைக் கட்டும், யாருக்கும் பிடிக்காவிட்டால் போட்டுவிட்டு வேறு கட்டும். நம் ஊரில் பெண் பார்க்க வருகிற கதை தலைகீழாக! முத்துச்செல்விக்கு ஏகச் சந்தோஷம். ஒரு கூட்டைக் குடிவைத்த பிறகு ஆண் அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த பெண்ணைக் கூப்பிடும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப ரெண்டு குடும்பமா டீச்சர்?" என்றது ஒரு வாண்டு. நூலகர் நாற்காலியோடு குலுங்கிச் சிரித்தார்.

வரலாற்றுப் புத்தகங்கள்தான் எனக்கு இன்னும் மனக்குறை. அறிவியலில் "இப்படிச் செய்து பார்" என்று சொல்லவாவது சொல்கிறார்கள். வரலாறு என்றால் ராஜா, போர், வருஷம். அது எப்படித் தெரிந்தது என்று சொல்வதில்லை. ஆதிச்சநல்லூர் நமக்கு எவ்வளவு பக்கம்! நாம் படிக்கும்போது பாடத்தில் ஒரே வரி. போன மாதம் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு 2023-இல் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். கண்ணாடி மேல் நடக்கப் பயந்து பாதிப் பேர் ஓரமாகவே வந்தார்கள். 1876-இல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் வந்து தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனது, பிறகு அலெக்சாந்தர் ரீ 1899-லிருந்து தோண்டி இரும்பும் வெண்கலமும் தங்க நெற்றிப்பட்டமும் எடுத்தது எல்லாம் சொன்னேன். யாரும் அசையவில்லை. பானைக்குள் நெல் உமி கிடைத்தது என்றேன். "அப்பவும் சோறுதானா?" என்று ஒருத்தன் கேட்டான். பிறகு கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பை கி.மு. 3345 வரை கொண்டுபோய் 2025 ஜனவரியில் அறிவித்தார்கள் அல்லவா, அதை அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதத்தையே பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் நாற்பது பக்கத்துக்கு யாராவது எழுதினால் நூறு பிரதி நானே வாங்குவேன்.

இனி உன் பேரனுக்கு. 'துளிர்' மாத இதழுக்குச் சந்தா கட்டிவிடு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்துகிறது, மாதாமாதம் தன் பெயருக்குத் தபால் வந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான் என்றாய், பரவாயில்லை, நீ பக்கத்தில் உட்கார்ந்து பாதிப் பத்தியைப் படி, மீதியை அவன் படிக்கட்டும். நேஷனல் புக் டிரஸ்ட் பிள்ளைகளுக்குப் போட்ட பறவை, மரம், பூச்சிப் புத்தகங்கள் கண்காட்சியில் கிடைத்தால் எடு. அட்டை சுமாராகத்தான் இருக்கும், உள்ளே விஷயம் இருக்கும். கடையில் எதை எடுத்தாலும் ஒரு பக்கத்தைத் திறந்து, "இது எப்படித் தெரிந்தது?" என்று கேட்டுப் பார். பதில் அந்தப் பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ இல்லாவிட்டால் வைத்துவிடு. கூடவே ஒரு கோடு போடாத நோட்டும் நல்ல பூதக்கண்ணாடியும். இவ்வளவுதான் என் பட்டியல், உன் மருமகள் என்னைத் திட்டினாலும் சரி.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணையதளத்தில் அந்தக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் இருக்கிறது. கண் சரியானதும் முதல் வேலையாக மயிலையும் வௌவாலையும் வால்நட்சத்திரத்தையும் படித்தேன், அறுபத்துநாலு வயதில். பிறகு பின்னால் போய் 'ஆந்தை'யைத் திறந்தேன். நம் பள்ளிக்கூடப் பிரதியில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது, வகுப்பு முழுக்க முட்டிக்கால் போட்டோம், ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. உன் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப்பருக்கையால் ஒட்டியிருந்ததை நான் அன்றைக்கே பார்த்துவிட்டேன் கோமதி. அந்தப் பெட்டி இன்னும் பரணில் இருந்தால் இறக்கி, அவனுக்குக் காட்டு. யார் கிழித்தது, எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்டால் என்னிடம் பேசச் சொல்.

உன்
பேச்சியம்மாள்